டிரைவர் வரும்வரை

"இந்த வாரமும் உங்க நிலப் பத்திரம் கிடைக்காது, டோன்யா சுனில்தா," என்றார் பராகுவே சிற்றூர் ஒன்றின் பதிவு அலுவலர் ஒவீதியோ, தெரரே என்னும் குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி.

"ஏனுங்க?"

"கம்ப்யூட்டர் சிஸ்டத்த மாத்திட்டோம். டிஸ்க்குகளை இணைக்கிற கார்டுக்குப் புதுசுல டிரைவர் இல்ல. டிரைவர்னா பஸ் ஓட்டுறவர் இல்லம்மா, கார்ட வேலை செய்ய வைக்கிற புரோகிராம்."

"பக்கத்து நிலத்துக்காரர் நேத்து பத்திரம் வாங்கினாரே?"

"அவருக்கு அதிர்ஷ்டம்."

"எந்த கார்டுங்க?"

ஒவீதியோ சலிப்புடன் மாடல் எண்ணைச் சொன்னார்.

"அதுக்குப் புதுசுலயும் டிரைவர் இருக்கே."

"யார் சொன்னா?"

"அத எழுதினவளே நான்தான். பன்னெண்டு வருஷமா பாத்துக்கிறேன். இப்பவே ஓட வச்சுக் காட்டட்டுமா?"

ஒவீதியோவுக்குப் புரையேறியது. இருமி முடித்தவர், கம்ப்யூட்டர் பக்கமே திரும்பாமல் இழுப்பறையைத் திறந்து, முத்திரையோடு தயாராக இருந்த பத்திரத்தை எடுத்து நீட்டினார்.