பீரங்கிமேட்டு அறை

'பீரங்கிமேடு' என்று எழுதிய சீட்டை சுந்தராம்பாள் அலமாரியின் நடு அறையில் ஒட்டினாள். கண்ணுக்கு நேராக, கைக்குப் பக்கத்தில்.

செஞ்சி தபாலாபீசுக்குத் தபால் பிரிக்கும் அலமாரி புதிதாக வந்திருந்தது. எந்த அறை எந்தத் தெருவுக்கு, எது எந்த ஊருக்கு என்று சீட்டு ஒட்டும் வேலையை, தினமும் தபால் பிரிக்கிற அவளிடமே போஸ்ட் மாஸ்டர் விட்டுவிட்டார். சக்கராபுரம் மேலே போனது. சீயமங்கலம் கடைசி வரிசைக்கு இறங்கியது. அவலூர்பேட்டைக்கு இடது ஓரம்.

"இன்னாம்மா, சொந்தத் தெருவுக்கு மட்டும் நடு வூட்டுல எடமா?" என்றார் போஸ்ட்மேன் தனகோட்டி.

கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் வீட்டுக்கு யார் கடிதம் வர வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.

அவள் புருஷன் அரிகிருஷ்ணன் பம்பாய்க்கு வேலைக்குப் போய் அஞ்சாறு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. செத்துத்தான் போயிருப்பான் என்று பங்காளிகள் பேசிப் பேசி முடிவுக்கே வந்துவிட்டார்கள். வருகிற அமாவாசையன்று அவனுக்குக் கருமாதி. சொந்தக்காரர்களுக்கு எதையும் பாதியில் விட்டுவைக்கப் பிடிக்காது.

திண்டிவனம் பஸ்ஸில் தபால் பை வந்தது. சுந்தராம்பாள் கட்டைப் பிரித்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றாள்.

தபால் பிரிக்கிறவர்கள் பெயரைப் பார்ப்பதில்லை. தெருவும் ஊரும் கண்ணில் பட்டால் போதும், கை தானாக வீசிவிடும். அவள் கை தவறியதாக அந்த ஆபீசில் பேச்சே இல்லை.

பாதிக் கட்டில் ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது.

கோட்டுக்கு அடங்காமல் மேலே மேலே ஏறிப் போகும் வரிகள். அது அவன் கையெழுத்து.

அவள் கை அதைப் பீரங்கிமேட்டு அறையில் போட்டுவிட்டது. விலாசத்தைப் படிக்கவில்லை. அந்த எழுத்து அவளைத் தேடி வராமல் வேறு யாரைத் தேடி வரும்?

எடுத்துப் பார்த்திருக்கலாம். பிரித்துப் போட்ட தபாலைப் போஸ்ட்மேன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஆபீஸ் முறை. ஆனால் அவளைத் தடுத்தது முறை இல்லை, ஆசை. ஊருக்கெல்லாம் கடிதம் நீட்டுகிற தனகோட்டி இன்றைக்கு ஒரு தடவை தனக்கும் நீட்டட்டும் என்று நினைத்தாள்.

உயிரோடு இருக்கிறான். இதைத் தவிர மனசில் வேறொன்றும் ஓடவில்லை. மீதித் தபால் எந்தெந்த அறையில் விழுந்ததென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

தனகோட்டி பீரங்கிமேட்டுக் கட்டை எடுத்துப் போய் வீட்டு வரிசைப்படி அடுக்கினார். பாதியில் கை நின்றது. எழுந்து வந்தார். கடிதத்தை நீட்டினார்.

"இது நம்ம தெரு இல்லம்மா. அவலூர்பேட்டைக்குப் போவுது" என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவள் விலாசத்தைப் படித்தாள்.

'திருமதி மங்கை, க/பெ அரிகிருஷ்ணன், பெருமாள் கோயில் தெரு, அவலூர்பேட்டை, வழி செஞ்சி.'

வழி செஞ்சி. இந்த மேஜையைத் தாண்டித்தான் அது போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். அதைப் பற்றி அவன் யோசித்திருக்கவே மாட்டான்.

செத்துப் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. தோன்றிய உடனே அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

கடிதத்தை இடது ஓர அறையில் போட்டாள். அவலூர்பேட்டைக் கட்டைச் சணலால் கட்டினாள். பையில் போட்டு, வாயை இறுக்கி, அரக்கு வைத்து முத்திரை அடித்தாள்.

கவுண்டர் கம்பிக்கு வெளியே மாமியார் தைலம்மாள் வந்து நின்றாள். கையில் மருமகளுக்குச் சாப்பாட்டுத் தூக்கு. சாப்பாடு ஒரு சாக்கு என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

"எதனா வந்துதா கண்ணு?"

தினமும் இதே கேள்வி. தினமும் "இல்லத்த" என்பதே பதில். இன்றைக்கும் அதைச் சொல்லிவிட்டால் அமாவாசையன்று எல்லாம் முடிந்துவிடும். அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு சுந்தராம்பாள் நிம்மதியாகத் தலைமுழுகிவிடலாம். பெற்றவள் மட்டும், உயிரோடிருக்கிற பிள்ளைக்குப் பிண்டம் வைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தூக்கை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"உசுரோட இருக்காரு அத்த. கையெழுத்த நானே பாத்தேன்."

அதில் பொய் எதுவுமில்லை.

தைலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடிதம் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. கம்பிக்குள் கையை விட்டு மருமகளின் கழுத்தைத் தேடினாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் அவளுக்கு.

கை எட்டவில்லை.

சுந்தராம்பாள் கம்பியை ஒட்டி வந்து குனிந்து கொடுத்தாள்.