செண்பகத்தின் வளையம்

எங்கள் தெருவில் லாரி ஓட்டுகிறவர்களின் மனைவிகள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அதில் செண்பகத்தை மட்டும் மாதம் ஒருமுறை வேன் வந்து ஏற்றிப்போகிறது. விசாரிக்காமல் எனக்குச் சோறு இறங்குமா? குழாயடியில் மடக்கினேன்.

"எச்.ஐ.வி. வராம இருக்கப் புது வளையம்க்கா. நாமளே உள்ள வச்சுக்கலாம். பலன் இருக்கான்னு ஆராய்ச்சி பண்றாங்க. காண்டம்னா அந்தாளு காலைப் பிடிச்சுக் கெஞ்சணும். இதுக்கு யாரையும் கேக்க வேணாம்."

போதாததற்கு அந்த ஆராய்ச்சிக்காரர்கள் போட்ட கூட்டத்தில் மைக் பிடித்து, இது எல்லாப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று பேசினாளாம். புருஷன் முன்னால் இருமக்கூடப் பயப்படுகிறவள்.

அவளைவிட நான் எதில் குறைச்சல்? அடுத்த முறை நானும் வேனில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு நர்ஸம்மா என்னை உள்ளறையில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "வளையம் கிருமி வராதவங்களுக்குத்தான்மா. உங்களுக்கு மாத்திரை இருக்கு, இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

திரும்பும் வேனில் செண்பகம் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தாள். "சேத்துக்கிட்டாங்களாக்கா?"

"நாப்பத்தஞ்சு தாண்டினவங்களை எடுக்க மாட்டாங்களாம்" என்றேன்.

எனக்கு முப்பத்தாறு. பாவி, அப்படியே நம்பிவிட்டாள்.