நண்டுக்கு அடித்த மணி

"சீட்டைக் கழட்டு! டியூபை உருவு!"

சுங்க இன்ஸ்பெக்டர் தர்மலிங்கம் போட்ட சத்தத்தில் சிப்பாய் மீரா சாகிப் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கால் மணி நேரம் குடைந்தும் உள்ளே ஒரு மண்ணும் இல்லை.

ஆற்றுக்கு வடக்கே பிரெஞ்சுக் கொடி பறக்கும் காரைக்கால். தெற்கே இந்திய எல்லை, அதில் தர்மலிங்கத்தின் சாவடி. இரண்டு மாதமாக வடகரையிலிருந்து சீமைச் சாராயப் பெட்டிகள் முகத்துவாரத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இன்னொரு பெட்டி இறங்கினால் வேலை காலி என்று சூப்பரிண்டெண்டு எழுதியே கொடுத்துவிட்டார். திருநள்ளாற்றில் எண்ணெய் முழுக்குப் போட்டுவிட்டு வந்தும் தர்மலிங்கத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சைக்கிள்காரன் ஜெய்னுலாபுதீன் கைகட்டி நின்றான். சைகோனில் கடை வைத்திருந்து திரும்பியவன். பங்குனிக் காற்று வீச ஆரம்பித்த நாளிலிருந்து, சாயங்காலமானால் வடகரையிலிருந்து வந்து சாவடிக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, கரையோடு முகத்துவாரம் வரை ஆடி அசைந்து மிதித்துப் போய்த் திரும்புவான்.

அந்த மல் ஜிப்பாவையும் அத்தர் வாசத்தையும் கண்டாலே தர்மலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருப்பதுதான் இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் வழக்கம் என்று மீரா சாகிப் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். மாமியார் வீட்டுச் சோறு தின்கிறவனுக்கு மூளை ஏது என்பது இவர் கட்சி.

"அங்க என்னய்யா சோலி உனக்கு?"

"காத்து வாங்கத்தாங்க. பனியெல்லாம் போயி இப்பத்தான் நல்ல காத்து அடிக்குது."

"ஆளில்லாத கரையில மூணு தடவ மணி அடிக்கிறியாமே. நண்டு வழி விடணுமா?"

"பழக்கமாப் போச்சுங்க."

"பின்ன? மாமியா வீட்டுல மணியடிச்சா சோறு. இங்க வந்தும் அதே புத்தி!"

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார் தர்மலிங்கம். அப்படி அந்தக் கரையில் என்னதான் இருக்கிறது, தானே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினார். "நீ இங்கயே குந்தியிரு" என்று சைக்கிளைப் பிடுங்கினார்.

ஜெய்னுலாபுதீன் பதறினான். "தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா. மணிய மட்டும் தொட்டுடாதீங்க. சைகோன்ல ஆசையா வாங்குனது."

தொடாதே என்று இவன் யார் சொல்ல? அவன் மூக்குக்கு நேராக ஒரு தரம் அடித்துக் காட்டிவிட்டுத்தான் தர்மலிங்கம் ஏறி உட்கார்ந்தார்.

கரையில் ஈ காக்கை இல்லை. தாழம்பூ மணத்தது, கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு மனசு லேசானது. இத்தனை அழகான இடத்தை அந்தச் சோம்பேறியா தினம் அனுபவிக்கிறான் என்று வயிறும் எரிந்தது.

முகத்துவாரத்து மணலில் நண்டுகள் ஓடின. "மாப்பிள வந்திருக்கேன், வழி விடுங்கடா!" என்று அவனைப் போலவே நெளிந்து, மூன்று தடவை மணி அடித்தார். தாழம்புதர் வரை எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினார்.

"ஓட்டிக்கிட்டுப் போ" என்று சைக்கிளை அவன் மேல் தள்ளினார். "உன்னப் போயி சந்தேகப்பட்டேன் பாரு! கள்ளக்கடத்தல் பண்ணவும் மூள வேணும்யா."

"வாஸ்தவங்க" என்று சலாம் வைத்துவிட்டு அவன் வடக்கே மிதித்தான்.

மறுநாள் காலை சாவடி வாசலில் ஜீப் வந்து நின்றது. சூப்பரிண்டெண்டு இறங்கினார். பின்னால் இருபது சாராயப் பெட்டிகளுக்கு நடுவே, ராத்திரி பிடிபட்டுக் கை கட்டப்பட்ட தோணிக்காரன் சிங்காரவேலு இருந்தான். தர்மலிங்கம் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"சொல்லுடா, எப்படி இறக்குனே?" என்றார் சூப்பரிண்டெண்டு.

"மூணு தடவ சைக்கிள் மணி கேட்டா வரலாம்னு அர்த்தங்க. மணி அடிச்சவங்க திரும்புனதும் தோணிய விடுவோம்."

பிடி கிடைத்த வேகத்தில் தர்மலிங்கம் முன்பின் யோசிக்காமல் துள்ளினார். "கேட்டீங்களா சார்! மணி அடிச்சவன்தான் கூட்டாளி. அவன விடக் கூடாது!"

"நேத்து அடிச்சது யாருடா?"

சிங்காரவேலு தர்மலிங்கத்தை ஒன்றும் புரியாமல் ஏறிட்டுப் பார்த்தான்.

"என்னங்கய்யா, நீங்களே வந்து அடிச்சதாலதானுங்களே நாங்க பயமில்லாம எறக்குனோம்?"