ஹார்லனுக்கு ஒரு போர்வை

"ஹார்லன் எந்த ஆஸ்பத்திரியில இருக்கார், பாஸ்டர்? பேரை மட்டும் சொல்லுங்க. நானே நேர்ல போய்க் கொடுத்துட்டு வந்துடறேன்."

சர்ச் சமையலறை மேசைமேல் ஒரு பெரிய பையை வைத்துவிட்டு, ஆர்டிஸ் கையுறைகளைக் கழற்றினாள். வயது எண்பத்து நாலு. வெளியே முழங்கால் ஆழம் பனி. அதில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பாஸ்டர் மாரிட், எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் காலி காபி டப்பாவில் போட்டு அடுப்பில் உருக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புதிய மெழுகுவர்த்தி வாங்க வழியில்லை. பழையதை உருக்கி வார்த்தால்தான் உண்டு.

"பையில என்ன, ஆர்டிஸ்?"

"போர்வை. நாங்க பதினோரு பேரும் சேர்ந்து தைச்சோம். நாலு மாசமா அந்த மனுஷனுக்காக ஜெபம் பண்றோம். ஒரு போர்வைகூடக் கொடுக்கலேன்னா நல்லாவா இருக்கு?"

கொடுக்கலாம்தான். ஹார்லன் என்று ஒருவர் இருந்தால்.

மாரிட்டுக்கு மூன்று சர்ச். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாற்பது மைல். காரில் ஹீட்டர் வேலை செய்வதில்லை. கணவர் எய்னார் இருந்தவரை எதையாவது வைத்துக் கட்டி அதை ஓட வைத்துவிடுவார். செப்டம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இந்த ஊர்ச் சபையில் மட்டும், பண்ணை வீடுகளில் தன்னந்தனியாக வாழும் விதவைகள் பதினோரு பேர். அக்டோபரில் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து கிடந்ததை, நாலு நாள் கழித்துத்தான் ஆட்கள் பார்த்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து மாரிட்டுக்குத் தூக்கம் போயிற்று. தினமும் பதினோரு வீட்டுக்கும் போய்வர அவளுக்கு உடம்பில் தெம்பும் இல்லை, காரில் பெட்ரோலும் இல்லை.

அப்போது தோன்றியதுதான் போன் வழி ஜெபச் சங்கிலி. காலை ஏழு மணிக்கு மாரிட் அந்தப் பதினோரு பேரில் முதல் ஆளான லவோனைக் கூப்பிட்டு, அன்றைக்கு யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வாள். லவோன் அடுத்தவளுக்குச் சொல்வாள், அவள் அதற்கடுத்தவளுக்கு. கடைசி ஆள் ஆர்டிஸ். அவள் மாரிட்டைக் கூப்பிட்டு, "எல்லாரும் ஜெபம் பண்ணிட்டோம், பாஸ்டர்" என்பாள். அப்படியென்றால் பதினோரு பேரும் எழுந்து நடமாடுகிறார்கள் என்று அர்த்தம். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால், "எங்களுக்கென்ன கேடு?" என்று அந்த வீம்புக்காரிகள் போனைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ஆனால் தினமும் ஜெபிக்க ஒரு நோயாளி வேண்டுமே. முப்பது பேர் உள்ள சபையில் நாள் தவறாமல் யாருக்கு நோய் வரும்? அதற்காகப் பிறந்தவர்தான் ஹார்லன். தூரத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும், நாதியில்லாத விவசாயி. முதலில் இடுப்பெலும்பு உடைந்தது. பிறகு காய்ச்சல், சளி, பல்வலி, வயிற்றுக்கடுப்பு. பைபிளில் யோபுகூட இவ்வளவு பட்டிருக்க மாட்டார். பொய் சொல்லி அலுத்துப்போய், இரண்டு தடவை அவரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தாள் மாரிட். கிழவிகள் விடவில்லை. "அவசரப்படாதீங்க பாஸ்டர், இன்னொரு டாக்டர் பாக்கட்டும்" என்றார்கள்.

இப்போது போர்வையோடு வந்து நிற்கிறாள் ஆர்டிஸ்.

"தபால்ல அனுப்பிடலாமே. நான் பாத்துக்கறேன்."

"தபாலா? அந்த மனுஷன் கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசணும் எனக்கு. எவ்வளவு தூரம்? நூறு மைலா? நாளைக்கே கிளம்பிடுவேன்."

கிளம்பிவிடுவாள். சொன்னால் செய்கிறவள். இந்தப் பனியில் எங்காவது பள்ளத்தில் கார் இறங்கினால்? உண்மையைச் சொன்னாலோ, சங்கிலி இன்றோடு அறுந்துவிடும். பொய் சொன்ன பாஸ்டரை நம்பி நாளைக்கு யார் போன் எடுப்பார்கள்? யோசிக்க யோசிக்க மாரிட்டுக்கு அழுகைதான் வந்தது. இதற்கு மேல் முடியாது. அடுப்பை அணைத்தாள்.

"ஆர்டிஸ்... ஹார்லன்னு யாருமே இல்ல."

"தெரியுமே" என்றாள் ஆர்டிஸ், மேசைமேலிருந்த பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டே.

"என்னது?"

"அக்டோபர்ல அவருக்கு உடைஞ்சது இடது இடுப்பு. டிசம்பர்ல வலது இடுப்புன்னீங்க. லவோன் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கிறவளாச்சே!"

மாரிட் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "தப்புதான். நீங்க எல்லாம் தனியா இருக்கீங்களேன்னு பயம். விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்னு..."

"அதுவும் தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சுமா தினமும் போன் எடுத்தீங்க? அப்புறம் யாருக்கு இந்தப் போர்வை?"

ஆர்டிஸ் பையை அவள் பக்கம் தள்ளினாள்.

மாரிட் பிரித்தாள். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட துணி. பக்கத்தில் நீலம். அதற்குப் பக்கத்தில், ஓரத்தில் சிகரெட் சுட்ட ஓட்டையைப் பூப்போட்டுத் தைத்து மறைத்த பழுப்புத் துண்டு. எய்னாரின் சட்டைகள். பார்க்கப் பொறுக்காமல், நவம்பரில் சர்ச்சின் தர்மப் பெட்டியில் அவளே போட்டவை.

"ஹீட்டர் இல்லாத கார்ல போர்த்திக்க, மாரிட்." முதல் தடவையாக ஆர்டிஸ் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "நாங்க பதினோரு பேரும் முப்பது வருஷமாத் தினம் காலையில ஒருத்திக்கொருத்தி போன் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம். உன் சங்கிலியில புதுசாச் சேர்ந்த வீடு ஒண்ணே ஒண்ணுதான். அந்த வீட்டுல இருக்கிறவ காலையில எழுந்திருக்க ஒரு காரணம் வேணுமேன்னுதான், இல்லாத ஹார்லனை நாங்களும் இத்தனை நாளாக் குணமாக விடல!"