நூறு பங்குக்காரி

"அந்த நூறு பங்கு அம்மா வந்தாச்சா?" மேடைக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார் கம்பெனித் தலைவர்.

"நாம கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டாங்க சார். மூணாவது வரிசை, ஓரத்து நாற்காலி. மடியில ஆண்டறிக்கை. முழுக்கப் பென்சில் கோடு" என்றார் செயலாளர்.

"போச்சு!"

தலைவர் பயந்ததில் தப்பில்லை. காற்றாலை வைத்து மின்சாரம் விற்கும் கம்பெனி அது. ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள். அத்தனை பேரில் அந்த அம்மாவிடம் இருந்தது வெறும் நூறு பங்கு. ஆனால் வருடாந்திரக் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்தால் மேடையில் இருப்பவர்களுக்கு ஏசியிலும் வேர்க்கும்.

எட்டு வருடமாக அவரைப் பார்த்துவரும் செயலாளருக்குப் பயத்தைவிட மதிப்புதான் அதிகம். இருநூறு பக்க அறிக்கையை ஆடிட்டர்கூட அப்படிப் படித்திருக்கமாட்டார். ஒரே இடத்துக்குப் போகும் இயக்குநர்களுக்கு எதற்கு ஆளுக்கொரு கார் என்று கேட்டு நான்கு கார்களை விற்கவைத்தார். ஒரே தோட்டத்தைப் பராமரிக்க இரண்டு பேருக்குப் பணம் போனதை ஓர் அடிக்குறிப்பிலிருந்து தோண்டி எடுத்தார். அறிக்கையை வழவழ தாளில் அச்சடிப்பது நின்றதும் அவரால்தான். எல்லாமே சிரித்த முகத்தோடு, "தப்பா நினைக்காதீங்க சார்" என்று ஆரம்பித்து. மற்ற பங்குதாரர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையையே தூக்குவார்கள்.

"கார்லயே கணக்குப் பார்த்தவங்க. இன்னிக்கு டிவிடெண்டுலயே கை வைக்கப் போறோம். சும்மா விடுவாங்களா?"

"நீங்க நேர்ல பார்த்ததை அப்படியே சொல்லுங்க சார். அப்புறம் நடக்கறது நடக்கட்டும்."

பதவிக்கு வந்த முதல் வாரமே பழைய காற்றாலை ஒன்றின் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தவர் இந்தத் தலைவர். இருபத்தைந்து மாடி உயரத்துக்குச் செங்குத்து ஏணி. பாதிக்கு மேல் ஏற முடியாமல் இறங்கிவிட்டார். பழுது பார்ப்பவர்கள் அதில் தினமும் ஏறுகிறார்கள். பாதுகாப்புக் கொக்கியைப் படிக்குப் படி கழற்றி மாட்டவேண்டும். வேலை அவசரத்தில் யார் மாட்டுகிறார்கள்? ஏணியோரம் மேலிருந்து கீழ்வரை ஓர் இரும்புத் தண்டு பொருத்திவிட்டால் கொக்கி அதில் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். கால் தவறினாலும் பிடித்துக்கொள்ளும். புதிய கோபுரங்களில் அது உண்டு. பழைய நூற்றிருபதில் இல்லை. அதற்குத்தான் இந்த வருட டிவிடெண்டில் பாதியைக் கேட்கப் போகிறார். பங்குதாரர்கள் கை தூக்கினால் தண்டு வரும். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவேண்டியதுதான்.

மேடையில் தலைவர் பேசி முடித்ததும் கூட்டம் கொதித்துவிட்டது.

"நாங்க என்ன தானதர்மம் பண்ணவா பங்கு வாங்கினோம்?"

"பாதின்னா எப்படி சார்? அதை நம்பித்தான நான் குடும்பம் நடத்தறேன்!"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்!"

மூன்றாவது வரிசையில் அந்த அம்மா எழுந்தார். மைக் அவர் கைக்குப் போனது.

"தப்பா நினைக்காதீங்க சார். பாதி டிவிடெண்டெல்லாம் தர முடியாது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தலைவரின் முகம் தொங்கிப்போனது.

"ஏன்னா, அவ்வளவு தேவைப்படாது." அந்த அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "காரு, தோட்டம், வழவழ பேப்பர்னு பதினோரு வருஷமா இந்தக் கம்பெனிக்கு நான் மிச்சம் பிடிச்சுக் குடுத்ததைப் பக்க நம்பரோட கூட்டி வெச்சிருக்கேன். இந்தத் தண்டுச் செலவுல முக்கால்வாசி, கையிருப்புல கிடக்கற அந்தப் பணத்துலயே வந்துடும். மிச்சத்துக்கு டிவிடெண்டுல எட்டுல ஒரு பங்கு எடுத்தாப் போதும். என்னோடதை முழுசாவே எடுத்துக்கங்க. ஆனா நூத்திருபதுல ஒரு கோபுரத்தைக்கூட விட்டுடக் கூடாது."

சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். பிறகு டிவிடெண்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரின் கை உயர்ந்தது. அப்புறம் அரங்கம் முழுக்கக் கைகள்தான்.

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் முடிந்ததும் வாசலுக்கு ஓடிப்போய் அவரைப் பிடித்தார்.

"அம்மா, உங்களை மாதிரி ஒரு பங்குதாரரை நான் பார்த்ததே இல்லை. கோடிக்கணக்குல போட்டவங்களே இப்படி யோசிக்கலை. ஒண்ணு கேக்கலாமா? அந்தக் காலத்துல எங்க பங்கை யாரும் சீண்டக்கூட மாட்டாங்க. நீங்க என்ன நம்பிக்கையில வாங்கினீங்க?"

"நம்பிக்கையா?" அந்த அம்மா சிரித்தார். "பதினோரு வருஷம் முன்னாடி, அந்த ஏணிக்குத் தண்டு போடுங்கன்னு ஒரு லெட்டர் எழுதினேன் தம்பி. 'தற்போது நிதி இல்லை'ன்னு ரெண்டு வரியில பதில் வந்துச்சு. நேர்லயே வந்தேன். கேட்டைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. பங்கு வாங்கினா உள்ளே விட்டுத்தான் ஆகணும், மைக்கும் குடுத்துத்தான் ஆகணும்னு ஒருத்தர் சொன்னார். நிதிதானே இல்லை, நானே உள்ளே போய்த் தேடித் தர்றேன்னு வாங்கிட்டேன்."

"அதுக்காகக் கைக்காசைப் போட்டா வாங்கினீங்க?"

"அது உங்க கம்பெனி குடுத்த பணம்தான் தம்பி. என் பையன் அந்த ஏணியிலேருந்து விழுந்து செத்ததுக்கு."