இரண்டாம் அத்தியாயத்திலும் மழை

கிடுகுக் கூரையின் ஓட்டைகளால் விழும் வெயில், சல்லிக் கடற்கரைக் கொட்டிலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்கும் நால்வரின் முதுகிலும் பொட்டுப்பொட்டாய் ஆடுகிறது. நடுவில் நாவலாசிரியர் பரராசசிங்கம் மாஸ்டரின் ரேப் றெக்கோடர். தனக்குப் பிடித்த கதைகளையெல்லாம் தன் குரலிலேயே வாசித்துக் கசற்றில் பதிந்து கொண்டுவந்திருக்கிறார். காலையில் துப்பறியும் கதை ஓடியபோது, கொலைகாரன் கதவைத் தட்டியதும் நாலு ஊசியும் அந்தரத்தில் நின்றன. பேய்க்கதைக்குக் கதிரவேல் வலையை விட்டுப் பக்கத்து ஆளின் இடுப்புச் சாரத்தைப் பிடித்தான். காதல் கதைக்கு எல்லோரும் பெட்டியைச் சுற்றிக் குந்தினார்கள். இப்போது ஓடுவது மாஸ்டரின் சொந்த நாவல். முதலாம் அத்தியாயத்தில் மழை பெய்தது. இரண்டாம் அத்தியாயத்திலும் அதே மழை. ஒருவரும் நிமிரவில்லை, ஊசிகள் விறுவிறென்று ஓட, கிழிசல்கள் ஒவ்வொன்றாய் மூடுகின்றன. மாஸ்டரின் விரல் மெல்ல நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது. "ஐயோ, நிப்பாட்டாதேங்கோ மாஸ்டர்!" வலைக்குச் சொந்தக்காரி கோணேஸ்வரி முகமெல்லாம் சிரிப்பாக வாசலில் நிற்கிறாள். "மற்றக் கதையளுக்கு இவங்கள் ஒரு முழம் வலையும் பொத்தேல்ல. உங்கட கதைக்குத்தான் வேலை நடக்குது. நாளைக்கும் இதையே போடுங்கோ." மாஸ்டர் விரலை எடுக்கிறார். "இரண்டாம் பாகமும் இருக்குது, பிள்ளை."