ஓடாத முயல்

முயலின் வயிற்றைக் கீறி, ஈரலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள் செவந்தி. தினையை அப்பியதுபோல் அதில் வெள்ளைப் புள்ளிகள். வழக்கப்படி முதல் துண்டை நாய்க்குப் போட்டாள். நாய் முகர்ந்துவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு விலகிப் போனது.

"எந்தக் கண்ணியில விழுந்துச்சு?" என்று வாசலில் உட்கார்ந்திருந்த கணவனைக் கேட்டாள்.

"கண்ணி எதுக்கு? தடத்துல சும்மா உக்காந்திருந்துச்சு. கண்ணுல ஈ மொய்ச்சும் அசையல. காதப் புடிச்சுத் தூக்கியாந்தேன்" என்றான் மாசாணன், பெருமையாக.

"இது வேணாங்க. பொதச்சிரலாம்."

"அட போடி! முந்தாநேத்தும் இப்படித்தான் ஒண்ணு கெடச்சுது. காட்டுலயே சுட்டுத் தின்னேன். என்ன ஆயிருச்சு எனக்கு?"

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள். அவன் இமைமேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவன் அதை ஓட்டுவான் என்று காத்திருந்தாள்.